படச் சட்டத்திற்கு வெளியே

பறவையையும் பற்றையையும் படம் பிடித்துத் திரிவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று நம் தோழர்களுள் பலர் கருதுகின்றனர். வேலையின்மையும் விலைவாசி ஏற்றமும் மக்களை வாட்டும் நாளில், நீர்க்கரையில் ஒரு கொக்குக்காக இரண்டு மணி நேரம் குந்தியிருப்பது சமூகப் பொறுப்புள்ளவர்கள் செய்யும் காரியமா என்பது அவர்களுடைய கேள்வி. கேள்வி நேர்மையானது, ஆகவே விடையும் நேர்மையாக அமைதல் வேண்டும். கொடிகாமத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஆசிரியர்கள் சிலரும் மாணவர்கள் சிலருமாக, விடுமுறை நாட்களில் கமராவும் கையுமாக வெளிக்கிளம்பும் வழக்கத்தைச் சில ஆண்டுகளாகக் கொண்டிருக்கிறோம். அவ்வழக்கம் எங்களுக்குக் கற்பித்தவற்றை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொடிகாமம் என்றதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதன் சந்தை. மாம்பழமும் பலாப்பழமும் தேங்காயும் பனையோலைப் பெட்டியும் வந்து குவியும் இடம் அது. ஆனால் சந்தையை விட்டுத் தெற்கே போனால் கச்சாய்த் துறையும் யாழ்ப்பாணக் கடனீரேரியும் எதிர்ப்படும். வடக்கே வரணியைக் கடந்தால் வடமராட்சி நீரேரி. தென்கிழக்கே ஆனையிறவும் அதற்கப்பால் சுண்டிக்குளமும். இவ்வாறு நீரால் சூழப்பட்ட ஒரு நிலத்துண்டிலேதான் தென்மராட்சி மக்கள் தோட்டம் கொத்தியும் வலை வீசியும் பனையேறியும் வாழ்ந்து வருகின்றனர். ஐப்பசி, கார்த்திகை மாரியில் நீரேரிகள் நிரம்புகின்றன. தை பிறந்த பின்னர் நீர் வற்றத் தொடங்க, சேறும் உப்பும் வெளித்தெரிகின்றன. வட ஆசியாவின் பனிக்கு அஞ்சிப் பல ஆயிரம் மைல் பறந்து வந்த ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் அச்சேற்றிலே இரை தேடுகின்றன. நீண்ட கால்களும் வளைந்த அலகும் கொண்ட பூநாரைகள், தலையைக் கீழாக்கி, உப்புநீரை அலகினால் வடித்து உண்ணுகின்றன. அவற்றின் இளஞ்சிவப்பு நிறம் அவை உண்ணும் பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் பெறப்படுவது. இளம் பறவைகள் சாம்பல் நிறமானவையே. உண்ட உணவே நிறமாகின்றது என்பதை வகுப்பறையில் ஒரு மணி நேரம் விளக்குவதிலும், சாம்பல் நிறப் பறவையொன்று சிவந்த பறவைகளின் நடுவே நிற்கும் படமொன்றைக் காட்டுவது பயனுடையது.

வந்து போகும் பறவைகளன்றி, எங்கள் மண்ணுக்கே உரிய பறவைகளும் உண்டு. கௌதாரியை இலங்கையின் தென்பகுதி மாணவன் தன் ஊரிலே காண்பதரிது. வடக்கிலும் வடமேற்கின் உலர்ந்த கரையிலுமே அது வாழ்கின்றது. எங்கள் தென்னந்தோட்டங்களில் தட்டித் திரியும் பொன்முதுகு மரங்கொத்தி, தன் விஞ்ஞானப் பெயரின் ஒரு பகுதியாக யாழ்ப்பாணத்தின் பெயரையே தாங்கியுள்ளது. தம் வேலியில் வந்தமரும் பறவைக்கு உலக விஞ்ஞானத்திலே தம் ஊரின் பெயர் வழங்குவதை அறிந்த நாளில், எங்கள் மாணவர்களின் முகத்தில் எழுந்த பெருமிதத்தை எந்தக் கமராவும் முழுமையாகப் பிடித்துவிடாது.

எனினும், இந்த மண்ணிலே இயற்கையைப் படம் பிடித்தல் பிற நாடுகளிற் போல் எளிதான காரியமன்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் ஓரிரவில் பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தனர். 2000ஆம் ஆண்டில் தென்மராட்சியே போர்க்களமாகி, அதன் மக்களும் பெயர்ந்தனர். முகமாலையிலும் நாகர்கோவிலிலும் படைகள் எதிரெதிரே நின்றன. பதுங்குகுழிகளுக்கென்று பனைகள் கணக்கின்றி வெட்டப்பட்டன. பனை உழவாரன் என்னும் சிறு பறவை பனையோலையின் அடிப்புறத்திலேயே தன் எச்சிலால் கூட்டை ஒட்டி வாழ்வது. பனை வீழ்ந்தபோது மனிதரின் வருவாய் மட்டும் வீழவில்லை. உழவாரனின் ஊரும் வீழ்ந்தது. 1990இல் நின்றுபோன வடபகுதிப் புகையிரதம் 2014 ஒக்ரோபரிலேதான் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. அந்த இடைக்காலம் முழுவதும் திறந்த வெளியிலே கமராவுடன் நிற்பது உயிருக்கே ஆபத்தான செயல். ஆகவே அக்காலத்துத் தென்மராட்சியின் பறவைகளையும் மரங்களையும் காட்டும் படங்கள் அருமையிலும் அருமை. ஒரு தலைமுறையின் நிலக்காட்சி பதிவின்றியே போயிற்று.

போர் 2009இல் முடிந்த பின்னும் நிலம் உடனே விடுதலை பெற்றுவிடவில்லை. முகமாலைப் பக்கத்திலே கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நீண்டது. அப்பணியிலே போரால் கணவரை இழந்த பெண்களும் அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி உழைத்தனர். பிற நாடுகளில் புகைப்பட மாணவனுக்குச் சொல்லப்படும் முதற்பாடம் ஒளியைப் பற்றியது. எங்கள் மாணவர்களுக்கு நாங்கள் சொன்ன முதற்பாடம் காலடியைப் பற்றியது: ஊரவர் நடந்து பழகிய பாதையை விட்டு இறங்காதே, மண்டையோடு வரைந்த பலகையைக் கண்டால், அதற்கு அப்பால் எந்த மயில் ஆடினாலும் திரும்பி வா. அழகான ஒரு வெளியிலே நின்று, அவ்வெளியை நாம் நடக்கத்தக்கதாக்கியவர் யார் என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு அப்பாடத்தினால் உண்டாயிற்று.

இனி, இக்கலையின் பிறப்பைச் சிறிது நோக்குவோம். பறக்கும் பறவையின் அசைவை ஆராய விரும்பிய பிரெஞ்சு விஞ்ஞானி மாரே 1882இல் துப்பாக்கி வடிவிலேயே ஒரு கமராவைச் செய்தார். அதன் விசையை அழுத்தினால் நொடிக்குப் பன்னிரண்டு படங்கள் பதியும். அமெரிக்காவின் ஜோர்ஜ் ஷைராஸ் வேட்டைக்காரராயிருந்து துப்பாக்கியைத் துறந்தவர். இரவிலே வெளிச்சம் பாய்ச்சி அவர் எடுத்த விலங்குப் படங்கள் 1906இல் நேஷனல் ஜியோகிரபிக் இதழில் வெளிவந்தன. இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் மாட்டுத் தோலால் போலி மாடொன்றைச் செய்து, அதனுள் ஒளிந்திருந்து பறவைகளைப் படமெடுத்தனர். முழுவதும் புகைப்படங்களையே கொண்ட அவர்களது பறவைக்கூட்டு நூல் 1895இல் வெளிவந்தது. வேட்டைக்காரனின் பொறுமையும் ஒளிந்திருக்கும் கலையும் கமராக்காரனுக்கு வந்து சேர்ந்தன. வேட்டைக்காரனின் ஆசையும் உடன் வந்ததா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. தமிழிலே நாம் படத்தைப் ‘பிடிக்கிறோம்’, படத்தை ‘எடுக்கிறோம்’. பிடிப்பதும் எடுப்பதும் மட்டுமே தொழிலானால், கொடுப்பது எப்போது?

நல்ல படமொன்று எவ்வாறு உருவாகின்றது? விலையுயர்ந்த கருவியினால் என்று கடைக்காரர் சொல்வார். தொலைவிலுள்ள பறவையை அருகே காட்டும் நீண்ட வில்லையொன்றின் விலை ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளம். அதன் பயனை நாங்கள் மறுக்கவில்லை. பறக்கும் சிறகை அசைவின்றிக் காட்ட நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திலே படம் பதிய வேண்டும். வெண்கொக்கின் இறகில் நுண்மை தெரிய வேண்டுமாயின், ஒளியைச் சற்றுக் குறைத்தே வாங்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குப் பின் உப்பு வெளியிலே கானல் எழும்பிவிட்டால், எத்தனை விலையுயர்ந்த வில்லையும் கலங்கிய படத்தையே தரும். இவையெல்லாம் கையேடுகளிற் கிடைக்கும் அறிவு.

கையேட்டில் இல்லாத அறிவை எங்களுக்குக் கொடுத்தவர்கள் கடற்றொழிலாளர்கள். கச்சாய்ப் பக்கத்து முதியவர் ஒருவர், நாங்கள் கரையின் எந்தப் பக்கத்தில் நிற்பது என்று ஆலோசித்துக்கொண்டிருந்தபோது, “வாடை அடிக்கேக்கை கிழக்குக் கரையிலை நில்லுங்கோ மாஸ்ரர். குருவியள் காத்துக்கு எதிராத்தான் எழும்பும், உங்கட முகத்துக்கு நேரை வரும்” என்றார். எண்ணிப் பாருங்கள்: காலை வெயில் எங்கள் முதுகுப் பக்கம், காற்றும் ஏறத்தாழ முதுகுப் பக்கம், பறவையோ எங்களை நோக்கி எழுகின்றது. ஒளியும் காற்றும் பறவையும் ஒரே சூத்திரத்தில் அடங்கிவிட்டன. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றைத் திசைக்கொரு பெயரிட்டு அறிந்தவர்களின் வாழ்நாள் அனுபவம், ஒரு வாக்கியமாக எங்கள் கையில் வந்து சேர்ந்தது. படத்தின் கீழே எங்கள் பெயர் அச்சாகுமாயின், அவருடைய பங்கு எங்கே அச்சாவது?

அழகின் பெயரால் நடக்கும் கொடுமையையும் கண்டிருக்கிறோம். வெளியூரிலிருந்து வாகனங்களில் வந்த ஒரு குழுவினர், அமைதியாக மேய்ந்து நின்ற நீர்ப்பறவைக் கூட்டத்தைப் பறக்கவைத்துப் படமெடுக்க விரும்பிச் சீனவெடி கொளுத்தினர். கூட்டம் எழுந்தது, வானம் நிறைந்தது, படம் கிடைத்தது. எங்களுடன் நின்ற மாணவியொருத்தி, “அதுகளுக்குத் திரும்ப இறங்க எவ்வளவு நேரம் செல்லும் சேர்?” என்று கேட்டாள். அக்கேள்வியில் விஞ்ஞானம் முழுவதும் இருந்தது. வலசை வந்த பறவை இங்கே உண்பது இன்றைய பசிக்காக மட்டுமன்று. பங்குனி, சித்திரையில் திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பையும் அது உடலிலே சேமிக்க வேண்டும். ஒவ்வொரு வீண் பறப்பும் அச்சேமிப்பிலிருந்து செலவாகின்றது. கோடையிலே வெறுந்தரையில் முட்டையிடும் ஆட்காட்டியின் நிலை இதனிலும் கடினமானது. படத்திற்காகத் தாய்ப்பறவையை எழுப்பிவிட்டால், உச்சி வெயிலில் முட்டை கருகிவிடும். அல்லது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் காகத்திற்கு இரையாகும். ஆகவே எங்கள் மாணவர்கள் பறவையின் மொழியைக் கற்கின்றனர். மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால், அது முதல் எச்சரிக்கை, அங்கேயே நில். ஒன்றோடொன்று நெருங்கி நடக்கத் தொடங்கினால், பின்னோக்கிச் செல். கூட்டின் படத்தை எடுக்காதே. எடுத்தவர் காட்டினால் இடத்தைப் பரப்பாதே.

உயிரை வருத்துவது ஒரு பிழை; உண்மையை வருத்துவது மற்றொன்று. லண்டனின் இயற்கை வரலாற்று நூதனசாலை நடத்தும் உலகப் புகழ்பெற்ற வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் 2009ஆம் ஆண்டின் தலைப்பரிசு, படலையைத் தாண்டிப் பாயும் ஓநாயொன்றின் படத்திற்குக் கிடைத்தது. அவ்வோநாய் பழக்கப்பட்டதாயிருக்கலாம் என்று நடுவர்கள் முடிவு செய்ய, 2010 சனவரியில் பரிசு பறிக்கப்பட்டது. 2017இல் பரிசு பெற்ற எறும்புண்ணிப் படத்தில் நின்றது பாடம் செய்யப்பட்ட உடல் என்று நடுவர்கள் கருத, மறு ஆண்டில் அப்பரிசும் பறிக்கப்பட்டது. போலி விலங்கை உலகம் கண்டுபிடித்துவிடுகின்றது, தண்டிக்கவும் செய்கின்றது. போலி நிலத்தையோ? அதனைக் கண்டுபிடிக்க எந்த நடுவர் குழுவும் இல்லை.

இவ்விடத்திலே ஒரு நாட்காட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடபகுதி நீரேரியொன்றின் அதிகாலைக் காட்சி, பொன்னிற நீர், தொலைவிலே பறவைக் கூட்டம், மனித வாடையே இல்லாத தூய வெளி. அச்சிட்டவர் பெயர் இங்கு வேண்டாம். தேநீர்க் கடையில் அது தொங்கக் கண்ட கடற்றொழிலாளி ஒருவர் நெடுநேரம் உற்று நோக்கினார். பின் எங்களை நோக்கி, “மாஸ்ரர், உது எங்கட கரையெல்லோ? உதிலைதானே எங்கட சிறகுவலைத் தடியள் நிண்டது. அதுகளை ஆர் பிடுங்கினது?” என்று கேட்டார்.

“படத்திலை மட்டுந்தான் பிடுங்கியிருக்கினம் அண்ணை. கொம்பியூட்டரிலை அழிச்சுப்போட்டினம்” என்றோம்.

“இண்டைக்குப் படத்திலை. நாளைக்கு?” என்று கேட்டுவிட்டு அவர் தேநீரைக் குடிக்கத் தொடங்கினார்.

அந்த ‘நாளைக்கு’ என்னும் ஒரு சொல்லை விளக்கவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது எனலாம். சுண்டிக்குளம் 1938இல் பறவைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; 2015 யூன் மாதத்தில் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நம்மவர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இலங்கையின் வனவிலங்குச் சட்டப்படி, சரணாலயத்தினுள் தனியார் நிலமும் இருக்கலாம், மக்கள் வாழலாம். தேசியப் பூங்காவோ அரச நிலத்தில் மட்டுமே அமைவது. அனுமதியின்றி உள்ளே நுழைதல் குற்றம். தமிழிலே படத்தைச் சுற்றி அடிக்கும் மரத்திற்கும் சட்டம் என்றே பெயர்; அரசு இயற்றும் விதிக்கும் சட்டம் என்றே பெயர். இரண்டும் ஓர் எல்லையை வகுக்கின்றன. இரண்டும் சிலரை உள்ளே வைத்துச் சிலரை வெளியே விடுகின்றன. மனிதரற்ற நிலமாகப் பல்லாயிரம் படங்களிலே காட்டப்பட்ட ஓரிடம், மனிதரற்ற நிலமாகவே அதிகாரிகளின் மனத்திலும் பதிந்துவிடுமாயின், அங்கே தலைமுறையாக வலை வீசியவன் ஒரு நாள் அத்துமீறியவனாகிவிடுகின்றான்.

பறவைகளுக்குக் காப்பு வேண்டாம் என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளலாகாது. காப்பு இன்றியமையாதது. வலையிலே சிக்கிப் பறவை இறப்பதும் உண்டு என்பதைத் தொழிலாளரே ஒப்புக்கொள்வர்; அதற்கு அவர்களோடு இருந்து பேசித்தான் வழி காண வேண்டும். ஆனால் வடமராட்சி கிழக்கின் மணல் மேடுகள் இரவோடிரவாக வாகனங்களில் ஏறிப் போவது வலைக்காரனாலா? மணல் போன இடத்திலே உவர்நீர் கிணற்றை எட்டுகின்றது, பற்றைகள் பட்டுப்போகின்றன, பறவையும் போகின்றது, தோட்டக்காரனும் போகின்றான். சிறகுவலைத் தடியை அழித்த நாட்காட்டியில் இந்த மணற்குழியும் இல்லை. ஏழையின் உழைப்பும் பேராசைக்காரனின் கொள்ளையும் ஒருங்கே மறைக்கப்பட்டு, இரண்டுக்கும் நடுவே ஓர் அழகு மட்டும் விற்பனைக்கு வைக்கப்படுகின்றது.

படத்திலிருந்து மக்களை நீக்குவதும், படத்தில் வைத்துப் பெயரை நீக்குவதும் ஒரே மரத்தின் இரு கிளைகள். ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவர். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்தவர். களுத்துறைப் பகுதியின் குடியானவர்களையும் தோட்டத் தொழிலாளரையும் அவர் எடுத்த படங்கள் இன்று உலக நூதனசாலைகளில் போற்றப்படுகின்றன. டெனிசன், டார்வின் என்று இங்கிலாந்திலே அவர் எடுத்த படங்களுக்குப் பெயர் உண்டு. இலங்கைப் படங்களிலே நிற்பவர்களோ பெரும்பாலும் ‘குடியானவர்கள்’, ‘இளம் பெண்’ என்றே நின்றுவிட்டனர். கலைஞரின் திறமையை நாம் மதிக்கிறோம். அக்காலத்தின் கண்ணையும் அடையாளம் காண்கிறோம்.

இவ்விடத்தில் தமிழர் ஒருவரை நினைவு கூர்தல் தகும். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய சீர்திருத்தவாதி அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே பொருத்திச் செய்த கமராவுடன் காடுகளிலே அலைந்தவர். கறுப்பு வெள்ளையிலேயே பெரும்பாலும் படமெடுத்தார். 1950 முதல் தம் மறைவு வரை ஒரே பத்திரிகையில் இயற்கை பற்றிய பத்தியை விடாது எழுதினார், தமிழிலும் எழுதினார். யானையை மட்டுமன்றி, ஊர்க்காகத்தையும் அணிலையும் ஆட்டையும் கழுதையையும் ஒத்த கவனத்தோடு நோக்கினார். அரிய உயிரைத் தேடித் தொலைதூரம் ஓடுவதே இக்கலை என்று எண்ணும் இளைஞனுக்கு, வேலியோரத்தைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர். கமராவுக்குப் பின்னால் அறிவும் எழுத்தும் நின்றால்தான் படம் பேசும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

எங்கள் குழுவினுள் நாங்கள் சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டிருக்கிறோம். படத்தின் கீழே நாளும் இடமும் எழுதப்படும். கூடும் குஞ்சும் உள்ள இடமாயின் இடம் மறைக்கப்படும். நீரிலே தடி நின்றால், படத்திலும் தடி நிற்கும். உழைக்கும் மனிதர் படத்திலிருந்தால், முதலில் அவர் சம்மதம். சம்மதித்தால் அவர் பெயரும் இடம்பெறும். அச்சிட்ட பிரதியொன்று அவர் வீட்டுச் சுவருக்குப் போய்ச் சேரும். போரிலும் இடப்பெயர்விலும் குடும்பப் படங்களையெல்லாம் இழந்த வீடுகள் இங்கே பல. அவ்வீடுகளிலே ஒரு பிரதி எவ்வளவு பெறுமதியானது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கருவியில்லையே என்று கலங்க வேண்டாம். எங்கள் மாணவி ஒருத்தி, தாயின் கைத்தொலைபேசியினால் எடுத்த படமொன்று எங்கள் சேகரிப்பிலே உள்ளது. பனையேறும் தொழிலாளி ஒருவர் வட்டுக்குக் கீழே நிற்கின்றார். அவர் தலைக்கு மேலே காய்ந்து தொங்கும் ஓலையொன்றில் உழவாரனின் கூடு. பறவை அதனுள் நுழைகின்றது. தொலைவிலிருந்து எடுத்ததனால் பறவை ஒரு கரும்புள்ளியாகவே தெரிகின்றது. எந்தப் போட்டியிலும் அது பரிசு பெறாது. ஆனால் அந்த ஓலையை ஏன் வெட்டாமல் விட்டீர்கள் என்று அவள் கேட்டதற்கு, “அதுவும் இதிலைதானே பிள்ளை சீவிக்குது” என்று அவர் சொன்ன விடையையும் அவள் படத்தின் கீழே எழுதி வைத்திருக்கிறாள்.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! உங்கள் ஊரின் குளத்தையும் தரவையையும் பனங்கூடலையும் வேறெவரோ வந்து அழகு பார்க்குமுன், அவற்றை நீங்கள் பாருங்கள். பறவையைப் பதியுங்கள், அதன் பக்கத்திலே குனிந்து நிற்கும் மனிதரையும் பதியுங்கள், மணல் போன குழியையும் தவறாது பதியுங்கள். நாளொன்றுக்கு ஒரு படமாக, ஆண்டு தோறும் அதே இடத்தில், நாளும் பெயருமிட்டுச் சேர்த்து வைத்தால், அது அழகுக்கு அழகு, சான்றுக்குச் சான்று. நிலம் யாருடையது என்னும் கேள்வி எழும் நாளில், நம் கையிலே விடை இருக்க வேண்டும்.